போலிங் பந்துக்கு மலிவான பாலிஷ்: எதை வாங்கலாம், எதை வாங்கவே வேண்டாம்?

பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ போலிங் இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். மூத்த மாணவர் ஒருவரிடமிருந்தோ, கரோசல் தளத்தின் மூலமோ ஒரு பழைய பந்து கைக்கு வந்திருக்கும். மங்கிப்போன நிறம். மேலெல்லாம் கோடு. பார்த்ததும் தோன்றுவது ஒன்றுதான்: "ஒரு பாலிஷ் போட்டா சரியாயிடும்."

இணையத்தில் தேடினால் விதவிதமான குப்பிகள். ஒன்றில் பாலிஷ் என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் காம்பவுண்ட், மூன்றாவதில் கிளீனர். விலைகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அப்போதுதான் அடுத்த யோசனை வரும்: "அப்பா காருக்கு வாங்கின பாலிஷ் வீட்லயே இருக்கே, அதையே போட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் போலிங் பந்துக்குப் பாலிஷ் என்பது அலங்காரம் இல்லை. பந்து தடத்தில் ஓடும் விதத்தையே அது மாற்றும். தேவையில்லாத பந்துக்குப் போட்டால், நேற்றுவரை அழகாக வளைந்து பின்களுக்கு நடுவே போன பந்து இன்று நேராக வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடும். அடுத்த வாரம் குழுத் தேர்வு இருக்கும்போது யாருக்கும் இந்த வம்பு வேண்டாம்.

இது கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சட்டென்று புரியும். பந்துவீச்சாளர் பந்தின் ஒரு பக்கத்தைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே நடப்பது அழகுக்காக இல்லையே. பந்துருட்டிலும் அதே கதைதான்.

<b>பளபளப்பு என்ன செய்கிறது?</b>

போலிங் தடத்தில், கோட்டைத் தாண்டாமல் நின்று நீங்கள் பந்தை விடும் இடத்திலிருந்து முதல் பின் வரை 60 அடி, அதாவது சுமார் 18.3 மீட்டர். பார்ப்பதற்கு வெறும் பலகைபோல் தெரியும் அந்தத் தடத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. இயந்திரம் அதைப் பூசும். வழக்கமாக முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய், மீதி 20 அடி காய்ந்த தரை. ஒரு தடத்துக்குச் சுமார் 20 முதல் 30 மில்லிலிட்டர்தான் பூசப்படுகிறது. இரண்டு மேசைக்கரண்டி அளவு! அந்த இரண்டு கரண்டி எண்ணெய்தான் மொத்த விளையாட்டையும் தீர்மானிக்கிறது.

சுழற்றி விடப்பட்ட பந்து எண்ணெய் மேல் முதலில் வழுக்கும். பிறகு தரையைப் பிடித்து வளையும். கடைசியில் உருண்டு பின்களில் மோதும். எப்போது வழுக்கல் முடிந்து பிடிப்பு தொடங்குகிறது என்பது பந்தின் மேற்பரப்பைப் பொறுத்தது.

ஈரத் தரையில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி தேய்ந்து வழவழவென்று இருக்கும் செருப்பு வழுக்கும். வரிவரியாகப் பள்ளம் உள்ள காலணி பிடித்து நிற்கும். பந்தும் அப்படித்தான். சொரசொரப்பான பந்து எண்ணெய்க்குள்ளேயே தரையைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் வளையத் தொடங்கும். வழவழப்பான பந்து எண்ணெயில் நீண்ட தூரம் வழுக்கிப் போய், காய்ந்த பகுதி வந்ததும் சட்டென்று திரும்பும்.

இதில் எது நல்லது? எண்ணெயைப் பொறுத்தது. புதிதாக, கனமாக எண்ணெய் பூசிய தடத்தில் பளபளப்பான பந்து பிடிப்பே இல்லாமல் போய்விடும். அதே தடத்தில் பத்துப் பேர் பல ஆட்டங்கள் ஆடி முடித்து, எண்ணெய் குறைந்து தரை காய்ந்த பிறகு சொரசொரப்பான பந்து ரொம்பச் சீக்கிரம் வளைந்துவிடும். பின்களை எட்டும்போது அதில் வேகமும் இருக்காது, அடியும் இருக்காது. அந்த நேரத்தில் பளபளப்பான பந்துதான் கைகொடுக்கும்.

ஆக, கடைக்குப் போகும் முன்னர் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: என் பந்து சீக்கிரமே வளைந்து கடைசியில் சோர்ந்துபோகிறதா, அல்லது வளையவே மாட்டேன் என்கிறதா? சோர்ந்துபோகிறது என்றால் பாலிஷ் உதவலாம். வளையவே இல்லை என்றால் பாலிஷ் போட்டால் இன்னும் மோசமாகும். பழைய பந்து வாங்கிய பலருக்கு இரண்டாவது பிரச்சினைதான் இருக்கும். ஆனால் பந்து மங்கலாக இருக்கிறதே என்று அவர்கள் போய் வாங்குவது பாலிஷ்.

<b>உங்க பந்து என்ன ரகம்?</b>

போலிங் நிலையத்தில் அலமாரியில் அடுக்கியிருக்கும் பொதுப் பந்துகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். பேச்சுவழக்கில் பிளாஸ்டிக் பந்து. சொந்தப் பந்து வைத்திருப்பவர்களும் மிச்சம் நிற்கும் ஒற்றைப் பின்னை நேராகப் போய் அடிக்க ஒரு பிளாஸ்டிக் பந்து வைத்திருப்பார்கள். இது எண்ணெயை உறிஞ்சாது. வளைய வேண்டிய வேலையும் இதற்கு இல்லை. இதற்குப் பணம் செலவழித்துப் பாலிஷ் வாங்குவது வீண் என்றே சொல்வேன். ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஆசைக்குப் பளபளப்பாக்க வேண்டும் என்றால் கிடைப்பதில் மலிவானதைப் போடுங்கள், பெரிய வித்தியாசம் தெரியாது.

அடுத்தது யூரித்தேன். 1980களின் தொடக்கத்தில் வந்தது. கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் வளையும். பெரும்பாலும் இதை மங்கலாகவே வைத்து ஆடுவார்கள்.

பாலிஷ் பற்றிய தலைவலி எல்லாம் மூன்றாவது ரகத்தில்தான். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துகள். இன்று போட்டிகளில் உருளும் பந்துகளில் பெரும்பாலானவை இந்த ரகம். இதன் மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். தடத்தில் உருளும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அப்படி ஒரு பிடிப்பு. அதனால்தான் இந்தப் பந்துகள் சீக்கிரம் 'செத்துப்போவதும்'.

ரியாக்டிவ் பந்துகளிலும் கடையிலிருந்து வரும்போதே சில மங்கலாக இருக்கும், சில கண்ணாடிபோல் மின்னும். தயாரிப்பாளரே அதைத் திட்டமிட்டுச் செய்கிறார். ஸ்டார்ம் நிறுவனத்தின் ஹை ரோட் பந்து 1500 கிரிட் பாலிஷுடன் வருகிறது. அதே நிறுவனத்தின் ஃபேஸ் 2 பந்து 3000 கிரிட் பேடால் தேய்க்கப்பட்டு, பாலிஷ் இல்லாமல் வருகிறது. உங்கள் பந்தின் பெயரைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடினால் இந்த விவரம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். பழைய பந்து வாங்கினால் முதல் வேலையே இதுவாக இருக்கட்டும். உங்கள் பந்து பிறக்கும்போதே மங்கல் என்றால், மங்கலாக இருப்பது குறை இல்லை.

இப்போது உங்கள் பந்து எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. வீட்டில் குழல் விளக்குக்குக் கீழே பந்தைப் பிடித்துப் பாருங்கள். விளக்கின் உருவம் பந்தில் தெளிவான விளிம்போடு தெரிந்தால் பாலிஷ் இன்னும் இருக்கிறது. புகைபோல் மங்கலாகத் தெரிந்தால் போய்விட்டது. நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு மாதிரி தெரிகிறதா? அது நீங்கள் விடும்போது பந்து தரையில் உருளும் இடம். அங்கேதான் தேய்மானம் அதிகம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், மங்கலான பந்து ஆட ஆடப் பளபளப்பாகும். பளபளப்பான பந்து ஆட ஆட மங்கலாகும். தடமே இரண்டையும் தேய்த்து நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

<b>குப்பிக்குள்ள என்ன இருக்கு?</b>

பந்துக்கான பாலிஷ்களில் இரண்டு பொருள்கள் வேலை செய்கின்றன. ஒன்று, மிக நுண்ணிய உராய்வுத் துகள்கள். இவை மேற்பரப்பிலுள்ள மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கும். மற்றொன்று, வழுக்கல் தரும் பொருள். மெழுகுபோல் மேலே படிந்து மினுமினுப்பைக் கொடுக்கும்.

துகள் மட்டும் உள்ளதை, அல்லது துகள் அதிகம் உள்ளதை, காம்பவுண்ட் என்கிறார்கள். வழுக்கும் பொருளும் சேர்ந்ததுதான் பெரும்பாலும் பாலிஷ் என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கும், குப்பியும் ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் மாற்றி வாங்குவது சகஜம். காம்பவுண்ட் போட்டால் பந்து ஓரளவு மினுங்கும், ஆனால் பிடிப்பு மிச்சம் இருக்கும். பாலிஷ் போட்டால் மினுமினுப்பும் வழுக்கலும் இரண்டுமே கூடும்.

முதல்முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை காம்பவுண்ட். அதில் கொஞ்சம் கூடக்குறையப் போட்டாலும் பந்து முழுசாகக் கெட்டுப்போன மாதிரி ஓடாது.

கிளீனர் இந்த இரண்டிலும் சேராது. அது எண்ணெயையும் அழுக்கையும் எடுப்பதற்கு மட்டும். 'கிளீனர்-பாலிஷ்' என்று இரண்டையும் ஒரே குப்பியில் தருவதாகச் சொல்லும் பொருள்களும் உண்டு. மலிவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் உங்களுக்கே தெரியாமல் பாலிஷும் ஏறிக்கொண்டே போகும். மங்கலாக வைத்திருக்க வேண்டிய பந்துக்கு இது சத்துரு.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிஷின் பிராண்டைவிட அதற்கு அடியில் பந்து எந்த அளவுக்குத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். சுவரில் சாயம் அடிப்பது மாதிரி. அடியில் சுவர் கரடுமுரடாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த சாயம் அடித்தாலும் அது தெரியும். 500 கிரிட் பேடால் தேய்த்த பந்துக்கு மேல் போட்ட பாலிஷும், 2000 கிரிட் பேடால் தேய்த்த பந்துக்கு மேல் போட்ட அதே பாலிஷும் தடத்தில் இரண்டு வெவ்வேறு பந்துகள். கிரிட் எண் கூடக்கூடத் தேய்ப்பு மென்மையாகும்.

எனவே கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், விலை உயர்ந்த பாலிஷை விட்டுவிட்டு, சாதாரண காம்பவுண்ட் ஒன்றும் 1000, 2000 கிரிட் பேட்கள் ஒவ்வொன்றும் வாங்குவது புத்திசாலித்தனம். பேடைக் கழுவிக் காயவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வன்பொருள் கடையில் கிடைக்கும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். தப்பில்லை. ஆனால் உப்புத்தாளின் எண்ணும் போலிங் பேடின் எண்ணும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதீர்கள். தாள் மடிந்தால் ஆழமான கோடும் விழும்.

<b>அப்போ, கார் பாலிஷ்?</b>

இதுதான் எல்லாரும் கேட்பது. கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

காருக்கு விற்கப்படும் பொருள்களிலும் இரண்டு வகை உண்டு. காரின் மேற்பூச்சிலுள்ள கீறல்களைத் தேய்த்து எடுக்கும் ரப்பிங் காம்பவுண்ட் ஒன்று. மழையும் வெயிலும் படாமல் பூச்சைக் காக்க மேலே படியும் மெழுகு மற்றொன்று.

முதல் வகைக்கும் போலிங் காம்பவுண்டுக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே. இரண்டுமே துகளால் தேய்ப்பவை. 3எம் நிறுவனத்தின் ஃபினெஸ்-இட் போன்ற, வாகனங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் என்று செய்யப்பட்ட பாலிஷை போலிங்காரர்கள் பந்துகளுக்குப் பயன்படுத்தியதும் உண்டு. ஆகவே 'கார் பொருளா, ஐயையோ' என்று அலற வேண்டியதில்லை.

சிக்கல் இரண்டாவது வகையில். மெழுகும் சிலிக்கோனும் தண்ணீரையும் எண்ணெயையும் உள்ளே விடாமல் தடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. காருக்கு அது வரம். ரியாக்டிவ் பந்துக்கு அது சாபம். நுண்துளைகளின் வாயை அடைத்துவிடும். எண்ணெயை உறிஞ்ச முடியாத ரியாக்டிவ் பந்து, அதிக விலை கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் பந்து. இன்று கடைகளில் இருக்கும் கார் பாலிஷ்களில் பல, இரண்டும் கலந்தவை. 'மெழுகு சேர்ந்தது', 'நீண்ட நாள் பாதுகாப்பு', 'தண்ணீர் ஒட்டாது' என்ற மாதிரி வாசகம் குப்பியில் இருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

போட்டியில் ஆடுபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பந்தின் மேல் அதன் பகுதியாக இல்லாத வேற்றுப்பொருள் ஒட்டியிருக்கக்கூடாது என்பது போலிங் விதி. பந்துக் கருவிகளுக்குத் தரம் விதிக்கும் அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிசி, எந்தெந்தக் கிளீனர், பாலிஷ் ஏற்கத்தக்கவை, எவை கூடாதவை என்று பட்டியலே வெளியிடுகிறது. போலிங்குக்கென்று விற்கப்படும் மலிவான குப்பியின் பெரிய அனுகூலம் இதுதான். பட்டியலில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நிம்மதியாக வாங்கலாம். கார் பாலிஷில் மிச்சமாகும் சில வெள்ளிக்காக அந்த நிம்மதியை விட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மரச்சாமான் பாலிஷ், சப்பாத்துப் பாலிஷ் இரண்டும் வேண்டவே வேண்டாம். பற்பசை? அதிலும் தேய்க்கும் துகள் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 27 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை முழுக்கப் பற்பசையால் தேய்த்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும், விரல் துளைகளில் புதினா வாசம் வேறு.

<b>நகச்சாய நீக்கி, பெட்ரோல், தின்னர்: ஏன் தொடவே கூடாது?</b>

மங்கிய பந்தைச் 'சுத்தம்' செய்ய அசிட்டோன் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நகச்சாய நீக்கிகள் பலவற்றில் இருப்பது அதுதான். அழுக்கு உடனே போகும், உண்மைதான். கூடவே பந்தின் மேலோடும் மென்மையாகும்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1973ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்கூன் தம் பிளாஸ்டிக் பந்துகளைக் கரைப்பானில் ஊறவைக்கத் தொடங்கினார். மேலோடு மென்மையானது. மென்மையான பந்து தடத்தை நன்றாகப் பிடித்தது, வளைந்தது. அந்தப் பருவத்தில் அவர் 6 பட்டங்களை வென்று, ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். பிறகென்ன, ஆளாளுக்கு வாளியும் கரைப்பானுமாகப் பந்தை ஊறவைக்கத் தொடங்கினார்கள். எளிதில் தீப்பற்றும் திரவம், மூச்சை அடைக்கும் ஆவி.

அதற்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் 1970களிலேயே கடினத்தன்மைக்கு ஓர் எல்லை கொண்டுவந்தார்கள். டியூரோமீட்டர் என்ற கருவியின் ஊசியைப் பந்தின் மேல் அழுத்திப் பார்ப்பார்கள். 72 என்ற அளவுக்குக் கீழே போனால் பந்து செல்லாது. பாலிஷுக்கும் கிளீனருக்கும் இன்று பட்டியல் போடுவதற்குப் பின்னால் இருக்கும் கவலையும் இதுவே: எந்தத் திரவமும் பந்தை மென்மையாக்கிவிடக்கூடாது.

தெரியாமல் அசிட்டோனால் துடைத்தாலும் பந்து பந்துதான். அடுத்து அதைப் போட்டியில் சோதித்தால் வாங்கிய பணமும் போச்சு.

<b>கணக்குப் போட்டுப் பார்ப்போமா?</b>

பாலிஷ் விலை கடைக்குக் கடை மாறும், இணையத்தில் வாங்கினால் அனுப்பும் செலவு சேரும். அதனால் ஓர் உதாரணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

8 அவுன்ஸ் குப்பி என்பது சுமார் 237 மில்லிலிட்டர். அதன் விலை 24 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து முழுவதற்கும் ஒரு முறைக்கு 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி, தாராளமாகப் போதும். ஒரு குப்பியில் 23 அல்லது 24 முறை போடலாம். ஒரு முறைக்கு ஒரு வெள்ளி!

இப்போது எத்தனை முறை தேவைப்படும் என்று பாருங்கள். வாரம் நான்கைந்து ஆட்டம் ஆடுகிறீர்கள். ஏறக்குறைய 60 ஆட்டங்களுக்கு ஒருமுறை பந்தின் மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்பது போலிங் வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்படியானால் ஆண்டுக்கு நான்கு முறை. அந்தக் குப்பி தீர ஆறு ஆண்டு ஆகும். அதற்குள் நீங்கள் பள்ளியை முடித்து, தேசிய சேவையையும் முடித்திருப்பீர்கள். குப்பிக்குள் பாலிஷ் பிரிந்து கட்டியாகியிருக்கும்.

ஆகவே 'பெரிய குப்பிதான் லாபம்' என்ற கணக்கு இங்கே செல்லாது. 2 அவுன்ஸ், 4 அவுன்ஸ் குப்பி கிடைத்தால் அதை வாங்குங்கள், மில்லிலிட்டருக்கு விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால் குழுவில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெரிய குப்பி. ஆளுக்கு 6 வெள்ளி.

இன்னொரு வழியும் இருக்கிறது. பந்துக்குத் துளை போடும் புரோ ஷாப்பில் கட்டணம் கேட்டுப் பாருங்கள். பந்தைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டுத் தருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செய்பவருக்குச் சொந்தமாகக் குப்பி, பேட், துணி எல்லாம் வாங்குவதைவிட அது மலிவாகவே முடியலாம். கையால் தேய்ப்பதைவிடச் சமமாகவும் இருக்கும். சில நிலையங்களில் காசு போட்டால் பந்தை உருட்டி மினுக்கித் தரும் இயந்திரம் இருக்கும். உங்களுக்கு முன்னர் எண்ணெயோடு எத்தனை பந்து அதற்குள் சுழன்றதோ! பிளாஸ்டிக் பந்துக்கு ஓகே. ரியாக்டிவ் பந்துக்கு வேண்டாம்.

<b>வீட்ல நாமே போடுறது எப்படி?</b>

குளியலறையிலோ பால்கனியிலோ பழைய துண்டை வளையம்போல் சுருட்டி அதன்மேல் பந்தை வையுங்கள். உருளாது. பந்து 14, 15 பவுண்டு எடை, அதாவது 6 கிலோவுக்கு மேல். மேசை மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம். கீழே விழுந்தால் உங்கள் கால் மட்டுமல்ல, கீழ்வீட்டுக்காரரின் பொறுமையும் உடையும்.

முதலில் கிளீனரால் நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். எண்ணெய் இருக்கும்போதே பாலிஷ் போட்டால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். பிறகு பேடைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பந்தை மனத்தில் ஆறு பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேல், கீழ், நான்கு சுற்றுப்புறம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம். கைபேசியில் ஒரு நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். பேட்டில் தண்ணீர் காயவிடாதீர்கள். முடித்ததும் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான துணியில் ஒரு சொட்டுக் காம்பவுண்ட் எடுத்து அதே வரிசையில் வட்டமாகத் தேய்த்து, ஏறக்குறைய காயும் வரை விடாமல் தேய்க்க வேண்டும். கடைசியில் வேறொரு மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பு.

ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு மறுபக்கம் நாளைக்கு என்று விட வேண்டாம். தேய்த்தால் பந்து முழுவதும் ஒரே மாதிரி தேய்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது யுஎஸ்பிசி விதியும்கூட. உருளும் பட்டையை மட்டும் மினுக்குவது தந்திரமாகக் கருதப்படும்.

கை நன்றாகவே வலிக்கும். அதுதான் இந்த முறையின் உண்மையான விலை.

போட்டது பிடிக்கவில்லையா? பயப்படாதீர்கள். அதே 2000 பேடால் லேசாகத் தேய்த்தால் பாலிஷ் போய்விடும். பளபளப்பு நிரந்தரமல்ல என்பது இதில் ஒரு வசதி.

<b>பந்து வளையவே இல்லைன்னா?</b>

அப்படியென்றால் பாலிஷ் வாங்கும் பணத்தைப் பையிலேயே வையுங்கள். ரியாக்டிவ் பந்து மாதக்கணக்கில் எண்ணெய் குடித்துச் சோர்ந்திருக்கலாம். பலரும் வீட்டில் செய்வது வெந்நீர்க் குளியல். பெருவிரல், மற்ற விரல்களுக்கான துளைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் ஒட்டிவிட்டு, வாளியில் 55 பாகை செல்சியஸ் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, பந்தை அதில் அரை மணிநேரம் வைப்பார்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்து வருவதைப் பார்க்கலாம். 60 பாகையைத் தாண்ட வேண்டாம். கொதிநீர், அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் எதுவும் கூடாது, பந்து விரிசல் விட்டால் ஒட்டவைக்க வழியில்லை. வாளியைத் தூக்கும்போது கவனம்: பந்தோடு சேர்த்து வெந்நீரும் கனக்கும்.

அந்தக் குளியலுக்குப் பிறகு 1000 அல்லது 2000 பேடால் ஒரு தேய்ப்பு. பாலிஷே இல்லாமல் ஒரு நாள் ஆடிப் பாருங்கள். பெரும்பாலான பழைய பந்துகளுக்கு அதுவே போதும். அதன் பிறகும் பந்து சீக்கிரமே வளைந்து சோர்ந்தால்தான் பாலிஷ் பற்றிய பேச்சு.

இந்த நிலை வராமல் தடுக்கும் பொருள்தான் இருப்பதிலேயே மலிவானது: ஒரு மைக்ரோஃபைபர் துணி. ஒவ்வொரு முறை பந்து திரும்பி வந்ததும் அதன்மேல் எண்ணெய் வளையமாகத் தெரியும். அடுத்து விடும் முன்னர் துடைத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும், பந்து இன்னும் இளஞ்சூடாக இருக்கும்போதே, கிளீனரால் ஒரு துடைப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலையும் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

<b>போட்டி நாளில் கையில் என்ன இருக்கலாம்?</b>

யுஎஸ்பிசி விதிப்படி நடக்கும் போட்டிகளில் 2019 ஆகஸ்ட் முதல், ஆட்டம் நடக்கும்போது உலர்ந்த துணியால் மட்டுமே பந்தைத் துடைக்கலாம். கிளீனர், ஆல்கஹால், எந்தத் திரவமும் கூடாது. பேடால் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் போட்டிக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். பள்ளிப் போட்டிக்கோ சங்கப் போட்டிக்கோ எந்த விதி என்பதை முன்கூட்டியே பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

முதன்முறையாகப் பாலிஷ் போட்டதும் நேராகப் போட்டிக்குப் போகாதீர்கள். குறைந்தது ஒரு பயிற்சி நாள் இடையில் வேண்டும். பந்து எவ்வளவு தூரம் கூடுதலாக வழுக்குகிறது, நீங்கள் நிற்கும் இடத்தை எத்தனை பலகை மாற்ற வேண்டியிருக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

பயிற்சி முடிந்ததும் பந்துப் பையைக் கார் பூட்டில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். திறந்தவெளி வாகன நிறுத்துமிடத்தில் மதிய வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கும் சூடு பந்தில் விரிசலை உண்டாக்கக்கூடும். வீட்டில் கட்டிலுக்கு அடியில், வெயில் படாத இடமே அதற்குச் சரி.